திருவுளச் சீட்டும் திரும்பி வரும் நேரமும்

(இராஜபாளையம் பொதுக்கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இன்று நான் பேச வந்திருப்பது ஒரு துண்டுக் காகிதத்தைப் பற்றித்தான். இதோ பாருங்கள். நான்கு விரல் அகலம், ஒரு சாண் நீளம். ஒரு பக்கம் சீன எழுத்து. மறுபக்கம் பேனாவால் எழுதிய தமிழ். இதைக் கொண்டுவந்து கொடுத்தவர் இந்த ஊருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு சம்சாரி. அவர் பெயர் நமக்கு வேண்டியதில்லை. அவருக்கு வந்திருக்கும் கஷ்டம் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அநேகருக்கு வந்திருப்பதுதான்.

கிணறு வற்றிப் போயிற்று. தென்னை காய ஆரம்பித்தது. போர் போட்டார். முதலாவது 400 அடி, வெறும் புகை. இரண்டாவது 650 அடி. கொஞ்சம் தண்ணீர் காட்டி ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. மூன்றாவது 800 அடி, மறுபடியும் புகை. முதல் குழியில் கைப்பணம் போயிற்று. இரண்டாவதில் சம்சாரத்தின் நகை போயிற்று. மூன்றாவது வட்டிக் கடன். இனி நான்காவது போடுவதா, போதும் என்று விட்டுவிடுவதா என்பதுதான் அவருடைய கேள்வி. இதில் ஒன்றும் மூடத்தனம் இல்லை. புத்தியுள்ள மனிதன் கேட்க வேண்டிய கேள்விதான் இது. ஆனால் இதை அவர் யாரிடம் கேட்டார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

முதலில் தேங்காயிடம் கேட்டார். நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றினாராம். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் குழி போட்டார்களாம். மூன்று இடத்திலும் தேங்காய் நிமிர்ந்தது, தண்ணீர்தான் நிமிரவில்லை. (சிரிப்பு) அதன்மேல் ஊர் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தால் போடு, சிவப்புப் பூ வந்தால் விடு என்று நினைத்துக்கொண்டார். சிவப்பு வந்தது. மனம் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கட்டினார். வெள்ளை வந்தது! இரண்டும் அதே அம்மன் வாக்கு. எதைக் கேட்பது? மூன்றாந் தடவை கட்டிவிட்டால் தீர்ந்து போகும் என்றார் பூசாரி. தட்டில் மூன்றாந் தடவையும் விழும் அல்லவா?

இதற்குள் சிங்கப்பூரில் கூலி வேலைக்குப் போயிருக்கும் அவருடைய அண்ணன் மகன் விஷயத்தைத் தெரிந்துகொண்டு, அங்குள்ள சீனக் கோயிலில் சித்தப்பாவுக்காக ஒரு சீட்டு எடுத்து, கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் அர்த்தம் கேட்டுப் பின்பக்கத்தில் எழுதி, ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பினான். அதன் சாரம், முன்னால் வழி அடைபட்டிருக்கிறது, திரும்பி வந்துவிடு, காலம் வரும்வரை பொறுத்திரு என்பதாகும்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பேசிவிட்டு இறங்கியதும் இவர் வந்து, “அண்ணாச்சி, நீங்க சாமி இல்லைங்கிறவுக. அதனால உங்களுக்கு இதுல எந்தப் பக்கமும் சாய்வு இருக்காது. இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க” என்றார். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். சம்சாரம், போர் போடுவதை விடு என்று அர்த்தம் செய்கிறாராம். இவரோ, ‘திரும்பி வா’ என்றால் முதலில் போட்ட 400 அடிக் குழிக்குத் திரும்பிவந்து அதையே ஆழப்படுத்து என்று அர்த்தமாக்கும் என்கிறார். மைத்துனர், தை பிறக்கும்வரை பொறுத்துப் புதிதாக நான்காவது போடு என்பதுதான் அர்த்தம் என்கிறாராம். தோழர்களே! ஒரு காகிதம், மூன்று பேர், மூன்று அர்த்தம். அந்தக் காகிதம் படிப்பதற்கு முன்னால் ஆளுக்கு என்ன ஆசை இருந்ததோ, படித்த பிறகும் அதுவேதான் இருக்கிறது. அப்படியானால் சீட்டு புதிதாகச் சொன்னது என்ன?

சீனக் கோயிலில் இது எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மூங்கில் குவளை. அதில் எண் போட்ட குச்சிகள், பெரும்பாலும் நூறு. கேட்க வேண்டியதை மனதில் வைத்துக்கொண்டு மண்டியிட்டுக் குவளையைக் குலுக்க வேண்டும். ஒரு குச்சி கீழே விழும். அதன் எண்ணுக்கு ஏற்ற சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். விழுந்த குச்சி சரியான குச்சிதானா என்று சாமியைக் கேட்பதற்காக, பிறை வடிவத்தில் இரண்டு மரத்துண்டுகளைப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. அவற்றில் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. ஒன்று தட்டையும் ஒன்று உருண்டையுமாக விழுந்தால் சாமி ‘ஆம்’ என்கிறது. இரண்டும் உருண்டை மேலாக விழுந்தால் ‘இல்லை’. இரண்டும் தட்டை மேலாக விழுந்தால் சாமி சிரிக்கிறது என்பார்கள்.

இதைச் சோதிக்க நீங்கள் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏற வேண்டாம். வீட்டுக்குப் போய் இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளை எடுத்து நூறு தடவை சுண்டிப் போட்டு எழுதி வையுங்கள். ஏறக்குறையப் பாதித் தடவை ஒரு தலையும் ஒரு பூவுமாக விழும். கால்வாசி இரண்டும் தலை. கால்வாசி இரண்டும் பூ. உங்கள் காசு ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லும்; சிரிக்கவும் செய்யும். அம்மன் கோயில் பூவும் இதே கணக்குத்தான். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுப்பதில் பாதிக்குப் பாதி. ஆனதால் இரண்டு தடவை கேட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, முதலில் சொன்னதற்கு மாறாகத்தான் இரண்டாவது வரும். நம் சம்சாரிக்கு நடந்தது அதிசயமல்ல, கணக்கு.

அன்றியும், ஒரு திருவிழாவில் ஆயிரம் பேர் குவளையைக் குலுக்கினால், இந்த ‘திரும்பி வா’ சீட்டு சுமாராகப் பத்துப் பேருக்கு வரும். அந்தப் பத்துப் பேரில் ஒருவன் பரீட்சைக்குப் போகிறவன். ஒருத்தி பிரசவத்துக்கு இருப்பவள். ஒருவன் கோர்ட்டில் வழக்கு உள்ளவன். ஒருவனுக்கு வயிற்றில் கட்டி. பத்துப் பேருக்கும் ஒரே பதில். பிரசவத்துக்குப் போகிறவள் எங்கே திரும்பி வருவது? வியாதிக்காரருக்கு மருந்தையே சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கமும் சீனக் கோயில்களில் இருந்தது. நாடி பார்க்க வேண்டாம், நாக்கைப் பார்க்க வேண்டாம், குச்சி விழுந்த எண்ணுக்கு மருந்து! ஜப்பானியரோ இன்னும் ஒரு படி மேலே போய், கெட்ட சீட்டு வந்தால் அதைக் கோயிலிலேயே ஒரு கம்பியிலோ மரத்திலோ கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். நல்லது வந்தால் சாமி வாக்கு. கெட்டது வந்தால் சாமியே வைத்துக்கொள்ளட்டும் என்பது. அவர்களாவது விவரமானவர்கள்.

சீனன் மூடன், நாம் புத்திசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிங்கப்பூரில் வாட்டர்லூ தெருவில் 1884இல் ஏற்பட்ட குவான் யின் கோயிலும், அதற்குச் சற்றுத் தள்ளி நம்மவர்கள் கட்டிய கிருஷ்ணன் கோயிலும் ஒரே தெருவில் இருக்கின்றன. அங்கே குச்சி குலுக்கிய சீனர்கள் அப்படியே வந்து கிருஷ்ணனுக்கும் ஊதுவத்தி கொளுத்திவிட்டுப் போகிறார்கள். நம்மவன் அங்கே போய்ச் சீட்டு எடுக்கிறான். பாஷை வேறு, சாமி வேறு, சாப்பாடு வேறு. பயம் மட்டும் ஒன்று. நம் நாட்டில் திருவுளச் சீட்டு, பூக்கட்டுவது, ஏட்டில் கயிறு சாத்திப் பார்ப்பது, பஞ்சாங்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு சீதா சக்கரத்தில் விரல் வைப்பது, கிளி ஜோசியம் என்று இதற்கு எத்தனையோ கிளைகள். அந்தக் கிளி பாவம். ஒரு நெல்லுக்காகச் சீட்டை இழுக்கிறது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம். தன் சிறகை வெட்டியவனிடமிருந்து தப்பிக்கும் வழி தெரியாத கிளி, நமக்கு வழி சொல்கிறதாம்!

இங்கே ஒருவர் எழுந்து, சீட்டுப் போடுவதே தப்பா, தேர்தலில்கூடச் சீட்டுப் போடுகிறார்களே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். இரண்டு பேருக்குச் சரிசமமான ஓட்டு விழுந்தால் சீட்டுப் போட்டுத் தீர்க்கும்படி 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே அதிகாரி கற்பூரம் காட்டுவதில்லை. சீட்டுக்கு யார் யோக்கியன் என்று தெரியும் என்பதாகவும் யாரும் சொல்வதில்லை. யாருக்கும் தெரியாத இடத்தில், யாரும் யார்மேலும் பழிசொல்ல முடியாதபடி சண்டையை முடிப்பதற்கு மனிதன் செய்துகொண்ட ஏற்பாடு அது. உத்திரமேரூரில் 919, 921 ஆகிய வருஷங்களின் கல்வெட்டுகளில் குடவோலை முறை இருக்கிறதே என்று நம் பண்டிதர்கள் பூரிப்பார்கள். அங்கும் குடத்தில் ஓலை போடுமுன் நிலம், வீடு, வயது, கணக்கு என்று ஆயிரம் விசாரித்தார்கள். (வேதம் படித்தவனா என்றும் விசாரித்தார்கள். நம் பாட்டன் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது என்பது வேறு விஷயம்.) விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரித்த பிறகு மிச்சம் இருப்பதற்குச் சீட்டு. நாமோ ஒன்றையும் விசாரிக்காமல் முதலிலேயே சீட்டைப் போடுகிறோம்.

நிற்க. சீன தேசத்திலேயே இதைக் கண்டித்தவர்கள் இல்லையா என்று தேடிப் பார்த்தேன். நான் சீன பாஷை படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனுமல்ல. மொழிபெயர்ப்புகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன் வாங் சுங் என்று ஒருவர் இருந்தார். புஸ்தகம் வாங்கக் காசில்லாமல் தலைநகரத்துப் புஸ்தகக் கடைகளில் நின்றபடியே படித்து அறிவாளியானவர் அவர். சகுனம், பேய், ஆமையோட்டு ஜோசியம் ஆகிய எல்லாவற்றையும் பிய்த்தெறிந்து ஒரு பெரிய நூல் எழுதியிருக்கிறார். அவர் எடுத்துச் சொல்லும் சங்கதி ஒன்று நம் சீட்டுக்கு நேராகப் பொருந்துகிறது.

ஏறக்குறைய மூவாயிரம் வருஷங்களுக்கு முன், ஷாங் வம்சத்துக் கொடுங்கோல் அரசன்மேல் ஊ என்னும் மன்னன் படையெடுக்கக் கிளம்பினான். வழக்கப்படி ஆமையோட்டைச் சுட்டும் புல் தண்டுகளை எண்ணியும் குறி பார்த்தார்கள். மகா கெடுதல் என்று வந்தது. அதாவது, திரும்பிப் போ என்பது. அவனுடைய மந்திரியான கிழவர் தாய் குங், புல் தண்டுகளைத் தள்ளிவிட்டு ஆமையோட்டைக் காலால் மிதித்து, செத்துக் காய்ந்த எலும்புக்கும் புல்லுக்கும் நம் யுத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாராம். படை போயிற்று. ஜெயித்தது. ஷாங் வம்சம் ஒழிந்தது. அந்தக் கிழவருக்கு எதிரியின் படையில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அரசனை வெறுக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கும். ஆமைக்கு அது தெரியாது.

இது திரும்பக் கூடாத இடத்தில் ‘திரும்பு’ என்ற கதை. இதற்கு நேர்மாறானது ஒன்று கிரேக்க தேசத்தில் நடந்தது. இது புராணமல்ல. அந்த யுத்த காலத்திலேயே வாழ்ந்த தூசிடிடீஸ் என்பவர் எழுதி வைத்த சரித்திரம்.

ஏதென்ஸ் நகரத்தார் கிறிஸ்து பிறப்பதற்கு முன் 415ஆம் வருஷத்தில் சிசிலித் தீவின்மேல் பெரும் கப்பற்படையை அனுப்பினார்கள். இரண்டு வருஷம் ஆயிற்று. சைரக்யூஸ் பட்டணம் விழவில்லை. தங்கியிருந்த இடம் சதுப்பு நிலம், வீரர்களுக்குக் காய்ச்சல். உதவிக்கு வந்த தளபதி டெமாஸ்தனீஸ் நிலைமையைப் பார்த்தார். இராத்திரியில் ஒரு தாக்குதல் நடத்திப் பார்த்தார், தோற்றது. உடனே, இனி இங்கே இருப்பதில் லாபமில்லை, கடல் நம் கையில் இருக்கும்போதே கிளம்பிவிடுவோம் என்றார். பின்வாங்கத் தெரிவது என்றால் இதுதான். இன்னொரு தளபதி நிசியாஸ் முதலில் மறுத்தார். பிறகு அவரும் ஒப்புக்கொண்டார். மூட்டை கட்டியாயிற்று. கப்பல் ஏற வேண்டியதுதான் பாக்கி. அன்று இரவு, 413ஆம் வருஷம் ஆகஸ்ட் 27, சந்திர கிரகணம் பிடித்தது!

ஜோசியக்காரர்கள் ஓடி வந்தார்கள். மும்முறை ஒன்பது நாள், அதாவது 27 நாள், நகரக் கூடாது என்றார்கள். நிசியாஸ் பக்திமான். அந்த 27 நாள் கழியும்வரை கிளம்புவதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். எதிரிக்கு அத்தனை நாள்கூடத் தேவைப்படவில்லை. அதற்குள் துறைமுகத்தின் வாயைக் கப்பல்களால் அடைத்துவிட்டான். கப்பற்படை போயிற்று. தரை வழியே ஓடியவர்கள் வழியிலேயே வெட்டுப்பட்டார்கள். ஏழாயிரம் பேருக்குக் குறையாமல் பிடித்துக் கல் குழிகளில் அடைத்தார்கள். மேலே கூரை கிடையாது. பகலில் வெயில், இரவில் குளிர், செத்தவன் பிணத்துக்குப் பக்கத்தில் உயிரோடிருப்பவன். நிசியாஸையும் டெமாஸ்தனீஸையும் கொன்று போட்டார்கள். பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதுதான் கிரகணம் என்பதை அதற்கு முன்பே அதே ஏதென்ஸில் அனக்ஸகோரஸ் என்பவர் சொல்லியிருந்தார். சொல்லி என்ன? சேனாதிபதியின் காதில் விழவில்லை. ஒரு நிழலுக்காக ஒரு சேனை செத்தது.

நம் பெரியார் வாழ்க்கையிலும் இந்த இரண்டும் இருக்கின்றன. 1924இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போனார். இரண்டு தடவை சிறையில் போட்டார்கள். திரும்பவில்லை. அவரை ஒழிப்பதற்குச் சத்ரு சம்ஹார யாகம் நடத்தினார்கள் என்றும், யாகம் நடந்து கொண்டிருக்கையில் திருவாங்கூர் மகாராஜாதான் இறந்துபோனார் என்றும் அவரே பிற்காலத்தில் பேசியிருக்கிறார். மகாராஜா 1924 ஆகஸ்டில் இறந்தார். அதற்கு யாகமும் காரணமல்ல, நாமும் காரணமல்ல, வியாதியும் வயதும் காரணம். ஆனால் வைக்கத்தில் அசையாத அதே மனிதர், மறுவருஷம் 1925 நவம்பரில் காஞ்சீபுரம் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவே மறுத்தபோது, இனிக் காங்கிரசில் இருந்து பிரயோஜனமில்லை என்று வெளியேறினார். வருஷா வருஷம் அந்தத் தீர்மானம் என்ன கதியாயிற்று என்று பார்த்துக்கொண்டே வந்தவருக்கு, அன்று பூக்கட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பூ என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஞாபகம் வருகிறது. அந்த ஊர்க் கதையிலேகூட அந்தப் பெண் சாமிக்கு வைத்திருந்த மாலையைத் தான் போட்டுக்கொண்டாளாம். வெள்ளையா சிவப்பா என்று அவள் பூவைக் கேட்கவில்லை. கதைதான், ஆனாலும் கதையில்கூட அவளுக்கு இருந்த துணிச்சல் கும்பிடுகிறவர்களுக்கு இல்லை. அங்கே ஏறக்குறைய 192 அடிக் கோபுரம் நிற்கிறது. அதைக் கட்டிய கொத்தனார் ஒவ்வொரு நிலைக்கும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தானா, பூக்கட்டிப் பார்த்தானா? பூக்கட்டிப் பார்த்திருந்தால் இன்று கும்பிட அங்கே கோபுரம் இருந்திராது.

இப்போது நம் சம்சாரியின் குழிக்கு வருவோம். நான் அவருக்கு அர்த்தம் எதுவும் சொல்லவில்லை. கேள்விகள்தான் கேட்டேன். மூன்று குழியிலும் எத்தனை அடியில் பாறை தட்டிற்று? தட்டிய பிறகு எங்கேயாவது விரிசல் வந்ததா? சுற்றிலும் எத்தனை போர் இருக்கின்றன, எத்தனையில் தண்ணீர் வருகிறது, எத்தனை அடியில் வருகிறது? இவற்றில் ஒன்றும் அவர் எழுதி வைக்கவில்லை. ஆனால் எந்தக் கிழமை பூமி பூஜை போட்டார் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. நம்முடையது கெட்டிப் பாறை நிலம். மேலே சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே விரிசல்களிலும்தான் தண்ணீர் தங்கும். ஆழம் போகப் போக விரிசல் குறையும். ஆகவே ஆழம் போனால் கட்டாயம் கிடைக்கும் என்பது பாறைக்குத் தெரியாத நம்பிக்கை. வேளாண்மைப் பொறியியல் துறையில் பூமிக்குள் மின்சாரம் செலுத்தி நிலநீர் பார்த்துச் சொல்கிறார்கள். அதுவும் தப்பலாம். ஆனால் ஏன் தப்பிற்று என்று கேட்டால் பதில் சொல்லும் யோக்கியதை அதற்கு உண்டு. தேங்காயிடம் கேட்க முடியுமா?

பிறகு, எத்தனை ரூபாயோடு நிறுத்துவது என்பதை முதல் குழிக்கு முன்பே முடிவு செய்தீரா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். போன பணத்தை நினைத்துத்தான் நான்காவது குழி போட நினைக்கிறார். மூன்று குழியில் போன பணம் நான்காவதில் வராது. போனது போனதுதான். இனிப் போகவிருப்பது அந்தப் பெண்ணின் காலேஜ் சம்பளம். அது போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கைத் தாமே போட்டால் தோற்றுப் போனதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது மனிதனுக்குச் சிரமமானது. அந்தச் சிரமத்துக்குப் பயந்துதான் குச்சியிடம் போகிறோம். நஷ்டம் வந்தால் விதி, நிறுத்தினால் சாமி உத்தரவு.

இன்னொன்றும் கேட்டேன். அந்த மூன்று குழியையும் மூடினீரா? ஒன்றின்மேல் சாக்குப் போட்டு மூடியிருக்கிறாராம். தோழர்களே! 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை இப்படிப்பட்ட ஒரு குழியில் விழுந்தது. நான்கு நாள் தமிழ்நாடே தூங்கவில்லை. குழந்தை பிழைக்கவில்லை. கைவிட்ட குழிகளை மூட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010லேயே உத்தரவிட்டிருந்தது. சாமியிடம் சீட்டு வாங்கித் திரும்பி வருகிற எவருக்கும், திரும்புமுன் குழியை மூடு என்று சீட்டில் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நேற்று அவர் என்னைப் பார்க்க வந்தார். இரண்டு குழிக்குச் சிமென்ட் மூடி போட்டாயிற்றாம்; மூன்றாவதற்கு இரும்பு மூடி வெல்டிங் பட்டறையில் இருக்கிறதாம். துறைக்கு மனு எழுதியிருக்கிறார். பரிசோதனை முடியும்வரை கடன்காரன் வாசலுக்குப் போவதில்லை என்று சம்சாரத்திடம் சொல்லியிருக்கிறார். மூன்றாந் தடவை பூக்கட்ட வரச்சொல்லிப் பூசாரி ஆள் அனுப்பினாராம், போகவில்லை. சீட்டை மட்டும் என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். இதோ மேஜைமேல் வைக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு மறுபடியும் இங்கேயே வைத்துவிட வேண்டும். நாளைச் சிவகாசிக் கூட்டத்துக்கு எனக்கு இது வேண்டியிருக்கிறது.